ஆறு அங்குல ஆடவல்லான்

என் மேசைமேல் ஆறு அங்குல உயரத்தில் ஒரு நடராஜர் ஆடிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் தூக்கிப் பார்த்துவிட்டு, "சோழர் காலத்துதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். இல்லை சார், இவருக்கு வயது இரண்டுதான்!

இந்தச் சிலைப் பைத்தியம் எனக்குப் பிடித்தது எசாலத்தில். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில் விக்கிரவாண்டி வருமே, அதற்குப் பக்கத்துச் சிற்றூர். 1987-இல் அங்குள்ள இராமநாதேசுவரர் கோயிலில் திருப்பணி நடந்தபோது, முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடும் செப்புத் திருமேனிகளும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன. கோயிலை எடுப்பித்தவர் அந்த மன்னனின் குருவான சர்வசிவ பண்டிதர். பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபடியே இந்தப் பக்கம் எத்தனை தடவை போயிருக்கிறேன்!

சிலைமேல் வந்த அந்த ஆசைதான் விழுப்புரம் ஜங்ஷனில் என்னை ரயிலேற்றி, கும்பகோணத்தில் இறக்கி, சுவாமிமலைப் பட்டறையில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அடடா, என்ன வேலை! ஒரு தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்தே முகம், மார்பு, முழங்கால் எல்லாவற்றுக்கும் அளவு வைத்துவிடுகிறார் ஸ்தபதி. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடிக்கிறார். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அது விட்டுப்போன இடத்தில் உருக்கிய உலோகம் இறங்குகிறது. ஆறியதும் மண்ணை உடைத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு மண் அச்சுக்கு ஒரே சிலை! உள்ளங்கையில் அடங்குகிற நினைவுப்பொருளானாலும் அச்சு அசலாக இன்னொன்று கிடையாது.

கடைக்காரர்கள் சொல்லும் 'ஆண்டிக் ஃபினிஷ்' தனி அழகு. சடைவிரிப்பின் இடுக்குகளில் கருமை தங்கியிருக்க, மூக்கு நுனியிலும் தூக்கிய பாதத்திலும் மட்டும் பொன்னொளி. மாலை வெயில் பட்டால் திருவாசியின் தீச்சுடர்கள் அசைவதுபோலவே தெரிகிறது, சத்தியமாகச் சொல்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நூறு ஆண்டு தாண்டிய சிலை, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. "கோயில் பழசு, உங்களுக்காக எடுத்து வைத்தேன்" என்று யாராவது காதைக் கடித்தால், திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். பழையதை எசாலம் போன்ற ஊர்களில் கும்பிடுங்கள். புதியதைப் பட்டறையில் வாங்குங்கள், மறக்காமல் பில்லோடு.