குறிஞ்சி என்னும் பெயரும் குறிஞ்சிப்பண்ணும்

தேவாரத் திருப்பதிகங்களை அவற்றிற்குரிய பண்ணொடு பாடுதலே முறையென்பதிற் சைவ நன்மக்களுக்குக் கருத்துவேற்றுமை இல்லை. அப்பண்களைக் கற்கத் தொடங்குவார்க்கு முதற்பாடம் யாதாதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. பண்ணின் பெயரையும் அதற்கு நேரான இராகத்தின் பெயரையும் வரிசையாக எழுதிய அட்டவணையை முதற்கண் மனப்பாடஞ் செய்வித்தல் ஒரு வழக்கு. அஃது எளிமையுடையதுபோலத் தோன்றினும், இசையின் அடிப்படை அறியாதார்க்கு மயக்கமே விளைக்கும்.

யாங்ஙனமெனின், குறிஞ்சியை எடுத்துக்கொள்க. ஏலமலைக்கு ஏறும் வழியின் வாயிலாக மலையடியில் விளங்கும் போடிநாயக்கனூர் குறிஞ்சிநிலத்தைச் சார்ந்த ஊர். அங்குப் பயிலும் மாணவனுக்குக் குறிஞ்சியென்றவுடன் மலையே நினைவில் எழும். தேவாரம் ஓதுவார்க்கு அது பண். இசையரங்கிற் பாடுவார்க்கு அஃது ஓர் இராகம். இவையன்றி, வியாழக்குறிஞ்சி, மேகராகக்குறிஞ்சி, அந்தாளிக்குறிஞ்சி என வேறு மூன்று பண்களும் தேவாரத்தில் உள. ஓதுவார் வழக்கிற் பெரும்பான்மையும் குறிஞ்சிப்பண் அரிகாம்போதியிலும், ஏனைய மூன்றும் முறையே சௌராட்டிரம், நீலாம்பரி, சாமா என்பவற்றிலும் பாடப்படும். குறிஞ்சி என்னும் இராகம் இவற்றுள் ஒன்றுமன்று.

இவ்வேற்றுமை விளங்க இசையின் அடிப்படை சிறிது வேண்டும். ஒரு நரம்பை மீட்ட எழும் ஒலியை ஆதாரமாகிய 'ச' எனக் கொள்க. அந்நரம்பின் நீளத்தைச் செம்பாதியாக்கின் மேல் 'ச' பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கின் 'ப' பிறக்கும். இவ்விரு 'ச'வுக்கும் இடையே 12 சுரத்தானங்கள் அமையும். சுரம் ஏழனையும் பண்டைத் தமிழர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றனர். 'நி' என்னும் சுரத்திற்குரிய தானங்களுள் தாழ்ந்தது கைசிகி, உயர்ந்தது காகலி.

28ஆம் மேளமாகிய அரிகாம்போதியில் வருவது கைசிகி நிடாதம்; அதன்கண் ஏழு சுரமும் முறையே ஏறி முறையே இறங்கும். குறிஞ்சியிராகமோ 29ஆம் மேளமாகிய சங்கராபரணத்திற் பிறந்தது. அதன் நிடாதம் காகலி. அதுவும் ஆதார 'ச'வுக்குக் கீழேயே நிற்கும். மேலே 'த'வைக் கடந்து இவ்விராகம் செல்லாது. இவை இரண்டையும் பெயரொப்புமையால் ஒன்றெனக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இதனால் வரும் இழப்புச் சிறிதன்று. முதற்றிருமுறையின் 136 பதிகங்களுள் 75 முதல் 103 முடியவுள்ள 29 பதிகங்கள் குறிஞ்சிப்பண்ணுக்குரியன. அவற்றை இராகக் குறிஞ்சியிற் பாடின், சொல்லிற் பிழை நேராது, பண் மாறிப்போம். அங்ஙனம் பாடுவோன் தன் பிழையை உணரவும் மாட்டான். திருமுறை வகுத்த காலத்தே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியார் ஒருவரைக் கொண்டே பண்முறை அமைக்கப்பட்டதெனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்தபின்னரும் பாடவல்லார் ஒருவர் வேண்டப்பட்டமை ஈண்டு உய்த்துணரற்பாலது.

தொடக்கத்தார்க்கு இத்துணை நுட்பமும் வேண்டுமோவெனின், பெயரளவில் வேண்டா, செவியளவில் வேண்டும். முதலிற் சுருதியொடு குரல் ஒன்றப் பழகுக. அடுத்து ஏழு சுரங்களையும் ஏற்றி இறக்குக. கைசிகிக்கும் காகலிக்கும் உள்ள வேற்றுமையைச் செவியால் தெளிக. பின்னர்க் குறிஞ்சிப்பண்ணிற் பதிகம் ஒன்றனை ஆசிரியர் வாய்ப்பாடமாகக் கேட்டுப் பலநாளும் ஓதுக. இவ்வளவும் கைவந்தபின் அட்டவணையைக் காணின், கற்றதனை நினைவூட்டும் கருவியாக அது பயன்படும். பண்பயிற்றும் ஆசிரியன்மார் இம்முறையை மேற்கொள்வாராயின், மலைச்சாரலில் வாழும் சிறாரும் குறிஞ்சிப்பண்ணைப் பிழையற ஓதி இறைவன் திருவருளுக்கு உரியராவர்.