பேணலும் காட்சியும்: துருக்கிய மூலிகை மரபு குறித்த ஒரு திறனாய்வு

ஏறத்தாழ கி.பி. 512இல் கான்ஸ்டாண்டிநோபிளில் எழுதப்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படியொன்று, இன்று வியன்னாவிலுள்ள ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இன்றைய துருக்கியின் தென்பகுதியான அனஸார்பஸில் தோன்றிய தியாஸ்கோரிதீஸ், முதல் நூற்றாண்டில் இயற்றிய மருந்துச் சரக்கு நூல் அது. அதன் தாவர ஓவியங்களின் அருகே பிற்கால மருத்துவர்கள் அரபியிலும் துருக்கியிலும் ஹீப்ருவிலும் பெயர்களை எழுதிச் சேர்த்துள்ளனர். சுல்தான் சுலைமானின் யூத மருத்துவரான மூஸா ஹாமோனின் குடும்பத்தாரிடம் இருந்த அந்நூல், 1569இல் ஹாப்ஸ்பர்க் பேரரசரின் நூலகத்தைச் சென்றடைந்தது. அங்கு அது பத்திரமாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் மூலிகையைக் கையாளும் எவரும் அதன் ஓரத்தில் இன்று ஒரு பெயரையும் எழுதுவதில்லை.

துருக்கிய மூலிகை மரபைப் பாதுகாப்பதாகச் சொல்லப்படும் முயற்சிகளை மதிப்பிடுவோர் இந்நூலின் வரலாற்றை மறத்தலாகாது. பொருளைக் காப்பது வேறு. பொருளைக் கையாண்ட அறிவைக் காப்பது வேறு. முன்னதற்குக் காவலாளி போதும். பின்னதற்கு மாணவர் வேண்டும்.

மனீஸா நகரின் ‘மெஸிர்’ விழாவை எடுத்துக்கொள்வோம். சுலைமானின் அன்னையார் ஹஃப்ஸா சுல்தான் நோயுற்றபோது, மர்கஸ் அஃபந்தி என்ற சூஃபிப் பெரியார் 41 சரக்குகளைக் கொண்டு ஒரு மாஜூன் தயாரித்தளித்தார்; நலம்பெற்ற அரசியார் அதனை மக்களுக்கும் வழங்கச் செய்தார் என்பது மரபுவழிச் செய்தி. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் சுல்தான் பள்ளிவாசலின் மினாராவிலிருந்தும் குவிமாடங்களிலிருந்தும் அம்மாஜூன் காகிதத்தில் சுற்றப்பட்டு மக்கள்மீது தூவப்படுகிறது. 2012இல் யுனெஸ்கோ இவ்விழாவை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இது மகிழ்தற்குரியதே. ஆயினும் அப்பள்ளிவாசல் வளாகத்தில் 1539இல் ஒரு மருத்துவமனையும் எழுந்தது என்பதை நினைவுகூர வேண்டும். எந்த நோயாளிக்கு, எந்த அளவில், எப்போது என்று தீர்மானித்த மருத்துவ அறிவு மறைந்து, தூவப்படும் இனிப்பு மட்டும் எஞ்சுமானால் அதனைப் பாதுகாப்பு என்று எவ்வாறு அழைப்பது?

மெஸிரில் சேரும் கறுவாப்பட்டை, மிளகு, கிராம்பு, இஞ்சி முதலியன அனத்தோலிய மண்ணில் விளைந்தவை அல்ல. இந்தியப் பெருங்கடற்கரைகளிலிருந்து சென்றவை. அச்சரக்குகள் விற்பனையான இஸ்தான்புல் சந்தைக்கே ‘மிஸ்ர் சந்தை’ என்றுதான் பெயர். 1660களில் கட்டிமுடிக்கப்பட்ட அச்சந்தையின் வருவாய், அருகிலுள்ள புதிய பள்ளிவாசலின் வக்ஃபுக்குரியதாக இருந்தது. மூலிகை விற்பவரைத் துருக்கியர் ‘அக்தார்’ என்பர். அது ‘அத்தார்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு. எனவே இம்மரபை ஒரு நாட்டின் தனிச்சொத்தாகக் காட்ட முனைவோர் அதன் வரலாற்றுக்கு நியாயம் செய்தவராகார்.

நம் நாட்டு மருந்துக் கடைகளில் ‘சாலாமிசிரி’ எனப்படும் கிழங்கும் இவ்வரலாற்றுக்குச் சான்றாகும். நரியைக் குறிக்கும் ‘ஸஅலப்’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்த பெயர் அது. துருக்கியில் ‘சாலெப்’ எனப்படும் இம்மாவு, குளிர்காலப் பானத்திற்கும் மராஷ் நகரின் புகழ்பெற்ற பனிக்கூழுக்கும் உயிர்நாடி. காட்டு ஆர்க்கிட் செடிகளின் கிழங்கை அகழ்ந்து, வேகவைத்து, உலர்த்தி அரைப்பதால் இது கிடைக்கிறது. ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட கிழங்குகள் தேவை. விதையிலிருந்து முளைத்துப் பூப்பதற்குப் பல ஆண்டுகள் எடுக்கும் செடி, ஒரு நொடியில் பிடுங்கப்படுகிறது. ஏற்றுமதிக்குத் தடை இருந்தும் உள்நாட்டுத் தேவை குறையவில்லை. இங்கே ‘மரபைக் காப்போம்’ என்ற முழக்கமே மரபின் வேரைத் தோண்டும் மண்வெட்டியாகிவிடுகிறது.

இனி, மரபு என்பதாலேயே ஒன்று நன்மையானது என்ற எண்ணம் சரியா என்ற வினா எழுகிறது. அரபியில் ‘ஸராவந்த்’ என்றும் துருக்கியில் ‘லோஹுஸா ஓத்து’, அதாவது பிள்ளைபெற்றவளின் மூலிகை என்றும் வழங்கும் செடி, நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்தது. தியாஸ்கோரிதீஸ் முதலாகப் பேறுகால மருந்தாகப் போற்றப்பட்டது. ஆனால் அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதும் புற்றுநோய் விளைவிப்பதும் 1990கள் முதல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளன. தீங்கு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படுவதால், ஏறத்தாழ 2,000 ஆண்டு அனுபவமும் அதனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இக்குறையைக் களையும் வழியை வெளியில் தேடவேண்டியதில்லை. அமாஸ்யா மருத்துவமனையின் ஹகீம் ஷரஃபுத்தீன் சபூன்ஜி ஓக்லு 1468இல் துருக்கியில் எழுதிய நூலின் பெயர் ‘முஜர்ரப் நாமா’. ‘முஜர்ரப்’ என்றால் சோதித்தறியப்பட்டது என்று பொருள். பாம்பு நஞ்சுக்கான முறிமருந்தைச் சேவல் மீதும் தம் உடல் மீதும் சோதித்ததை அவர் அதில் பதிவுசெய்துள்ளார். முன்னோர் சொன்னார் என்பதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. அவருடைய மரபைப் பேணுவதென்றால் அவருடைய மருந்துகளைப் பேணுவது மட்டுமன்று, அவருடைய ஐயத்தையும் பேணுவதாகும்.

1928இல் துருக்கியில் எழுத்து மாற்றப்பட்ட பின்னர், இத்தகைய நூல்கள் சொந்த மக்களுக்கே வாசிக்க இயலாதவையாயின. அவ்விடைவெளியை நிரப்ப முயன்றோருள் இஸ்தான்புல் பல்கலைக்கழகப் பேராசிரியர் துர்ஹான் பைதோப் (1920–2002) முதன்மையானவர். 1984இல் வெளிவந்த ‘துருக்கியில் தாவரங்களால் சிகிச்சை’ என்ற நூலும், 1994இல் வெளிவந்த தாவரப் பெயரகராதியும் மக்கள் வழக்குப் பெயர்களைத் தாவரவியல் பெயர்களோடு பிணைத்தன. ‘கெகிக்’ என்ற ஒரே பெயரால் பல வேறு செடிகள் விற்கப்படும் நாட்டில் இது சிறு பணியன்று. ஆயினும் பறிக்கும் பருவமும் பக்குவமும் அறிந்தவரின் கைப்பழக்கத்தை அகராதி ஏந்த இயலாது. 2014 அக்டோபரில் வெளியான அரசாணை, மூலிகைச் சிகிச்சையைச் சான்றிதழ் பெற்ற மருத்துவர்களுக்கு உரியதாக்கியது. நோயாளியின் பாதுகாப்பு கருதி இதை வரவேற்கலாம். எனினும் மலைக்கிராமத்து மூதாட்டியின் அறிவு அந்த வகுப்பறைக்குள் வருவதற்கும் ஒரு வாயில் வேண்டும்.

இறுதியாக ஒன்று. நபிமொழிகளில் வரும் மருத்துவக் குறிப்புகள் அக்கால அரபியரின் அனுபவத்தைச் சார்ந்தவையே, வஹீயின் பகுதியல்ல என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் வாதிட்டார். அதற்கு ஒரு தலைமுறை முந்திய இப்னுல் கய்யிமின் நோக்கு வேறு. இவ்விருவருள் எவர் பக்கம் நின்றாலும், கடைக்காரரின் பொட்டலத்தின் மீது புனிதப் பெயரை ஒட்டிச் சோதனையிலிருந்து விலக்குப் பெற இடமில்லை. செடியைப் பயிரிட்டு, சுவடியைப் பதிப்பித்து, பறிப்பவரையும் ஆய்வாளரையும் ஒரே மேசையில் அமர்த்தி, பொய்த்ததைப் பொய்த்ததென்று எழுதிவைப்பதே இம்மரபுக்குச் செய்யத்தக்க உண்மையான பணி.