குளவியிடம் நியாயம் கேட்பது

ஸ்டீபன் ஜே கூல்ட் 1982-இல் எழுதிய 'நான்மாரல் நேச்சர்' நல்ல கட்டுரை. இயற்கைக்கு ஒழுக்கமும் கிடையாது, ஒழுக்கக்கேடும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லும் கட்டுரை. ஆனால் அதன் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

இக்நியுமன் குளவி கம்பளிப்புழுவின் மேலோ உள்ளேயோ முட்டையிடும். பொரித்து வரும் பிள்ளை, புழுவைச் சாகவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். கருணையுள்ள கடவுள் இதை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என டார்வின் 1860-இல் ஏசா கிரேவுக்கு எழுதினார். அந்தக் கால இயற்கையியலாளர்கள் இதை விவரித்த விதத்தை கூல்ட் பிரித்துக் காட்டுகிறார்: ஒன்று, புழுவுக்காகக் கண்ணீர், இல்லையென்றால், தாய்க்குளவியின் சாமர்த்தியத்துக்குக் கைதட்டல்.

நம்ம ஆட்களும் சும்மா இருக்கவில்லை. குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்று நம்பி, அதைக் குரு-சீடன் உவமையாக்கினோம். அவர்கள் கொலையைப் பார்த்த இடத்தில் நாம் அருளைப் பார்த்தோம். கூட்டிலிருந்து வெளியே வருவது புழு இல்லை, புழுவைத் தின்ற பிள்ளை.

என் குறை இதுதான்: கூல்டின் கதையிலும் புழு, குளவி என்று ரெண்டே பாத்திரங்கள். நிஜத்தில் உள்ளே நடப்பது பங்காளிச் சண்டை. ஒரே புழுவில் இரண்டு தாய்கள் முட்டையிடலாம். சாப்பாடு ஒருத்தருக்குத்தான் போதும் என்றால், முதலில் பொரித்த பிள்ளை அரிவாள் மாதிரியான தாடையால் மற்றதைக் கொன்றுவிடும்.

இன்னும் சிக்கலானது கோபிடோசோமா ஃபுளோரிடானம். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் இது பெரும்பாலும் ஒரு ஆண் முட்டையும் ஒரு பெண் முட்டையும் வைக்கும். ஒரே முட்டை பிளந்து பிளந்து இரண்டாயிரத்துக்கும் மேல் ஆகலாம். அத்தனையும் அச்சுப் பிரதிகள். அதில் சில மட்டும் சீக்கிரமே சிப்பாய்ப் புழுக்களாகின்றன. அவை போட்டிக்கு வந்த அந்நியரைக் கொல்லும். பெண் சிப்பாய்கள் கூடப்பிறந்த ஆண்களையும் கொல்லும், ஏனென்றால் அத்தனை அக்கா தங்கைகளுக்கும் சில ஆண்கள் போதும். சிப்பாய் ஒருநாளும் குளவியாவதில்லை. புழு தீர்ந்ததும் செத்துப்போகும்.

இது கூல்ட் காலத்துக்குப் பிந்தைய செய்தி என்று தள்ளிவிட முடியாது. இதே போலப் பெருகும் இன்னொரு குளவியில் மலட்டுக் காவல் புழுக்கள் இருப்பதை யோலாண்டா குரூஸ் 1981-இலேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், இதில் யார் கொடியவர்? தம்பியைக் கொன்ற சிப்பாயா, தன்னைப் போலவே இருக்கும் ஆயிரம் பேருக்காகச் செத்த சிப்பாயா? ரெண்டும் ஒரே ஆள். 'சிப்பாய்' என்கிற பேரே நாம் வைத்ததுதான். கொஞ்சம் அசந்தால் இதிலிருந்து தேசபக்திப் பாடமும் எடுத்துவிடலாம், குலப்பெருமைப் பாடமும் எடுத்துவிடலாம். “பெருசு சின்னதைத் திங்கும், அதான் இயற்கை” என்று மேல்கீழை நியாயப்படுத்துகிறவர்கள் இன்றும் செய்வது அதைத்தான்.

கூல்டின் முடிவு சரி. நமக்கான நியாயத்தை நாம்தான் பேசித் தீர்க்கணும். ஆனால் அந்த முடிவுக்குப் புழுவின் வேதனையை விட வலுவான சாட்சி சிப்பாய்தான். வேதனைக்கு நாம் அழுதுவிடலாம். சிப்பாய்க்கு அழுவதா கைதட்டுவதா என்றே தெரியவில்லை. அந்தக் குழப்பத்தோடு கூல்டைத் திரும்ப வாசியுங்கள்.