சொதப்பல்: யாருக்கு அனுமதி?

மந்தாரக்குப்பம் டீக்கடையில் ஒரு சாயங்காலம். நெய்வேலி நகரியத்துப் பையன் ஒருத்தன் நண்பனிடம், ‘இன்டர்வியூவுல செமையா சொதப்பிட்டேன்டா’ என்று சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்து பெஞ்சில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மேஸ்திரியிடம் போனில் பேசினார்: ‘தப்பு என்னுதுதாண்ணே, மன்னிச்சுக்குங்க.’ அரைமணி தாமதம், விஷயம் அவ்வளவுதான். இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் இந்தச் சொல்லுக்குள் இயங்கும் அதிகாரம் உறைத்தது.

சொதப்பு என்பதை ‘சொதசொத’வோடு சேர்த்துப் பார்க்கலாம் என்பது என் கணிப்பு. ஐப்பசி மழையில் திறந்தவெளிச் சுரங்கப் பக்கம் நடந்தவர்களுக்கு அந்தச் சேறு தெரியும். கால் வைத்தால் பிடி கிடைக்காது. இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. சலசலப்பு, கலகலப்பு என்று பெயராகும்போதும் அது இரட்டையாகவே நிற்கிறது. இதுவோ பாதியை உதறிவிட்டு வினையாகிவிட்டது. தமிழ் எம்.ஏ.வில் இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கொச்சை என்று ஒதுக்கியதோடு சரி.

சேற்றில் வழுக்கினால் குற்றம் சேற்றினுடையது. சொதப்பலும் அப்படித்தான்: செய்தவனிடமிருந்து செயலைக் கழற்றி, பிழையைக் குழைத்து, சிரிப்பாக்கித் தருகிறது. 2012இல் பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ வந்தபோது இச்சொல் போஸ்டர் ஏறியது. சொதப்புவது இளைஞனின் கவர்ச்சியாகவே ஆனது. ‘பல்பு வாங்கினான்’ என்பது வேறு ரகம். அது அடுத்தவன் நம் தலையில் ஏற்றும் அவமானம். (மின்சாரம் செய்யும் ஊரில் பல்பு வாங்குவது கேவலமாகிப்போனதை என்னவென்று சொல்ல!) சொதப்பலோ தனக்குத்தானே வழங்கிக்கொள்ளும் மன்னிப்பு. கட்சிக்காரர்களுக்கு இதன் பெரிய பதிப்பு ஒன்று உண்டு. 1996இல் பிரதமர் பதவியை மறுத்ததை ஜோதிபாசு பிற்பாடு வரலாற்றுப் பிழை என்றார். அன்றிலிருந்து கூட்டத்துக்கு மைக்செட் வராவிட்டாலும் நம் தோழர்களுக்கு அது வரலாற்றுப் பிழைதான்.

அந்தத் தொழிலாளி ‘சொதப்பிட்டேண்ணே’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘என்ன, திமிரா?’ என்றல்லவா பதில் வந்திருக்கும். மேலே பார்த்துப் பேசும்போது இந்தச் சொல் செல்லாது. அவருக்கு அது தெரிந்தேயிருந்தது. போனை வைத்தார், கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார், டீக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

‘இன்னிக்கு டீய சொதப்பிட்ட தலைவா.’