அடிமானம் ஒன்றுக்குக் கீழே இறங்கும்போது

9-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 27 வரும்? பள்ளியில் இதற்குச் சொல்லித்தரும் வழி அழகானது. இரண்டையும் 3-இன் அடுக்குகளாக மாற்றி, மேலே உள்ளவற்றை மட்டும் சமப்படுத்தினால் விடை ஒன்றரை. மடக்கை அட்டவணை தேவையில்லை, தோராயமும் இல்லை. இந்த முறையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

ஆனால் 27, 32, 81 என்று இணங்கிவரும் எண்களிலேயே பழகிய பிள்ளை, இணங்காத எண்ணைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அரியலூர் மாவட்டம் கங்கைகொண்டசோழபுரத்தின் மாளிகைமேட்டில் ஒரு கரித்துண்டு கிடைத்ததாகக் கொள்வோம். அதில் கார்பன்-14 தொடக்க அளவில் 88.6 சதவீதம் எஞ்சியிருக்கிறது. அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு. அரையை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 0.886? இங்கே அடிமானங்கள் ஒத்துவரவே வராது. மடக்கை எடுத்தால் அடுக்கு ஏறத்தாழ 0.1746, அதை 5,730-ஆல் பெருக்க, சுமார் ஆயிரம் ஆண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்துக்கே போய்ச் சேர்கிறோம்.

அசமன்பாட்டில்தான் குறை பெரிது. தொடக்க அளவில் 512-இல் ஒரு பங்காவது எஞ்சினால்தான் கருவி அளக்கும் என்று வைத்துக்கொள்வோம். 512 என்பது 2-இன் ஒன்பதாம் அடுக்கு. எனவே அடிமானத்தைச் சமப்படுத்தும் முறை இங்கே அருமையாகப் பொருந்தும். எல்லை ஒன்பது அரை ஆயுட்காலம், அதாவது 51,570 ஆண்டு. ஆனால் அடிமானம் அரை. அடுக்கு கூடக்கூட மதிப்பு குறையும். ஆகவே அடுக்குகளை ஒப்பிடும்போது குறி திரும்ப வேண்டும். வயது அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதே விடை.

குறியைத் திருப்ப மறந்தவரின் விடைப்படி, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் சுமார் 12 கோடி ஆண்டுப் பழைய கல்மரத்தைக் கார்பனால் அளக்கலாம்; ஆயிரம் ஆண்டுக் கரியை அளக்க முடியாது! தேர்வில் இது கடைசி வரிப் பிழை, மதிப்பெண் கொஞ்சம்தான் குறையும். பொருளோ முழுக்கத் தலைகீழாகிவிட்டது.

'அடிமானம் ஒன்றைவிடச் சிறியதானால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. இறங்கும் வளைகோட்டை ஒருமுறை தன் கையால் வரைந்தவருக்குப் படும். வகுப்பில் அந்த வரைபடம் பெரும்பாலும் வேறொரு பாடத்தில், வேறொரு நாளில் வருகிறது. அதை அசமன்பாட்டுக் கணக்கின் பக்கத்திலேயே வரைய வைக்க ஐந்து நிமிடம் போதும். சாத்தனூர் மரத்துக்கு அரை ஆயுட்காலங்கள் இருபதாயிரத்துக்கும் மேல் கடந்துவிட்டன. கோடு அங்கே எங்கே படுத்துக் கிடக்கும் என்று பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டுவார்கள்.