திரும்பி வந்த கப்பல்

எங்கள் ஊர் சான் ரமோனுக்குப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், யாரோ ஒரு புனிதர் என்றுதான் பலரும் சொல்வார்கள். அவர்கள் நினைக்கும் புனிதர் 13ஆம் நூற்றாண்டுக் கத்தலோனியத் துறவி ரமோன் நொனாத்தோ. சிறைபிடிக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்காக 1218இல் பார்சிலோனாவில் தொடங்கிய மெர்செதாரியன் சபையைச் சேர்ந்தவர். பணம் போதாவிட்டால் கைதிக்குப் பதிலாகத் தானே பிணையாக இருப்பது அந்தச் சபையின் நான்காவது வாக்குறுதி. ரமோன் அப்படி அல்ஜியர்ஸில் இருந்தார் என்கிறது மரபு. ஆனால் ஊர்ப்பெயர் அவருடையதல்ல. நில வழக்கொன்றில் ஹோசே மரியா அமதோர் சொன்ன சாட்சியப்படி, இங்கே ஆடுகளைப் பார்த்துக்கொண்ட ரமோன் என்ற பூர்வகுடித் தொழிலாளியின் பெயர் அது. 'சான்' பிறகு ஒட்டிக்கொண்டது.

பெயரைத் தேடிப் போனவன் செர்வாந்தெஸில் போய் நின்றேன். 'டான் கிஹோத்தே' முதல் பாகத்தில் (1605) 39 முதல் 41 வரையிலான அத்தியாயங்கள் அல்ஜியர்ஸிலிருந்து தப்பிய ஒரு கைதியின் கதை. ஸொரைதாவுடன் அவன் தப்பும் காதல் சாகசமாகவே அதை வாசித்துப் பழகியிருக்கிறோம். இம்முறை என்னை நிறுத்தியது வேறோர் இடம்.

ஸொரைதா பணம் தருகிறாள். ஒருவனை மட்டும் மீட்டு அனுப்பினால், அவன் மயோர்க்காவில் படகு வாங்கி மற்றவர்களை அழைத்துப்போக வரலாம். இஸ்லாத்துக்கு மாறிய ஸ்பானியன் ஒருவன் இதை மறுக்கிறான். இப்படிப் போன எவனும் திரும்பியதில்லை. கிடைத்த விடுதலை மீண்டும் பறிபோய்விடுமோ என்ற பயம் எல்லாக் கடமையையும் மறக்கடித்துவிடும் என்கிறான்.

இந்த வாதம் நமக்குச் சுருக்கென்று தைக்கும். "போனதும் உன்னையும் கூப்பிட்டுக்கறேன்" என்று நானும் என் தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அவன் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். செர்வாந்தெஸின் தீர்ப்பும் இதுதான் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

அவர் வாழ்க்கை வேறு சொல்கிறது. 1575இல் அவரும் தம்பி ரோட்ரிகோவும் சேர்ந்தே பிடிபட்டார்கள். 1577இல் மெர்செதாரியன் துறவிகள் வந்தபோது குடும்பம் திரட்டிய பணம் இருவருக்கும் போதவில்லை. தம்பி மட்டும் விடுதலையானார். அந்தத் தம்பி ஏற்பாடு செய்த கப்பல் அதே ஆண்டு அல்ஜியர்ஸ் கரைக்கு வந்தது. குகையில் ஒளிந்திருந்த அண்ணனையும் மற்றவர்களையும் அதனால் ஏற்ற முடியவில்லை; யாரோ காட்டிக்கொடுக்க, எல்லோரும் பிடிபட்டார்கள். 1580இல்தான் திரித்துவ சபைத் துறவி ஹுவான் கில் 500 எஸ்குதோ கட்டி அவரை மீட்டார்.

தனக்காக ஒரு கப்பல் வந்ததை அறிந்தவர், எவனும் திரும்பியதில்லை என்று ஏன் எழுதினார்? பதில் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. பேசுபவன் படகை அல்ஜியர்ஸிலேயே தானே வாங்க நினைப்பவன். கைதிகளுக்கோ மயோர்க்கா யோசனைதான் நல்லதாகப் படுகிறது. மறுத்தால் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவானோ என்று வாய் திறக்காமல் இருக்கிறார்கள். அவன் பேச்சை யாரும் நம்பி ஏற்கவில்லை, பயந்து ஏற்கிறார்கள். இதைக் கவனிக்காமல் அந்தப் பேச்சை மட்டும் எடுத்து மேற்கோள் காட்டுவது செர்வாந்தெஸுக்குச் செய்யும் அநீதி.

கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. தம்பியின் கப்பலுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. போனவன் வரமாட்டான் என்பதை நான் இத்தனை வருஷமாக எனக்குச் சாக்காக வைத்துக்கொண்டிருந்தேன். ரோட்ரிகோவின் கப்பல் யாரையும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. ஆனாலும் அது வந்தது.