லயம் கலைந்த பிறகு

கெடாவில் பீடோங் பக்கம் ஹார்வார்டு தோட்டத்தில் 1947இல் தொழிலாளரின் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்தபோது, செய்தி தோட்டம் விட்டுத் தோட்டம் போனது வாய்வழியாகத்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும்போது பேசியது, பொழுது சாய்வதற்குள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கத் தெரிந்துவிடும். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தது, எந்தப் பையன் பள்ளிக்கு மட்டம் போட்டான் என்பதும் அதே வழியில்தான் பரவும். கெடா தமிழருக்குச் சமூக வலைத்தளம் புதிதாக இருக்கலாம். அடுத்த வீட்டுக் கதையோடு வாழ்வது புதிதல்ல.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புப் பகுதிகளாயின. சனம் சுங்கை பட்டாணித் தாமான்களுக்கும், 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் ஷிப்டு வேலைக்கும், சிங்கப்பூருக்கும் சிதறியது. சிதறியவர்களை மறுபடி ஒரே திண்ணையில் உட்கார வைத்தவை முகநூலும் புலனமும் (வாட்ஸ்அப்). குழுவில் நாற்பது வருடத்துக்கு முந்திய தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம் ஒன்று வந்து விழும். ஓரம் கறையான் அரித்தது. "முன் வரிசையில மூணாவது ஆயாக்கொட்டகை ஆயா மகதானே?" என்று ஒருவர் கேட்பார். "இல்லண்ணே, அது தண்டல் வீட்டுப் பொண்ணு" என்று ஜொகூரிலிருந்து பதில் வரும். இதற்கு விலை போட முடியாது.

ஆனால் அந்தப் படம் இருக்கும் இடம் யாருடையது? 2002இல் அமெரிக்காவில் தோன்றிய ஃப்ரெண்ட்ஸ்டரை 2009 இறுதியில் மலேசிய நிறுவனமான எம்ஓஎல் வாங்கியது. ஒரு தலைமுறை முதன்முதலில் படம் ஏற்றிய தளம் அது. 2011இல் அதை விளையாட்டுத் தளமாக மாற்றியபோது, முன்கூட்டி அறிவித்துவிட்டுப் பயனர்களின் பழைய படங்களையும் பதிவுகளையும் அழித்தார்கள். லயத்து வீடும் இப்படித்தான்: மூன்று தலைமுறை குடியிருந்தாலும் சாவி கம்பெனியிடம்.

வலைத்தளத்தின் பயனும் குறையும் ஒன்றாகத் தெரிந்தது 2013 டிசம்பரில். கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்ற பழங்காலக் கோயிற் சிதைவு, வீடமைப்பு வேலைக்காக இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளியானது. கடாரம் என்ற கெடாவின் பழைய பேரைப் பாடநூலில் மட்டும் பார்த்தவர்கள்கூட முகநூலில் கொதித்தார்கள். கூச்சல் அரசைப் பதில் சொல்ல வைத்தது. நல்லதுதான். ஆனால் இடம் தனியார் நிலம், பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவாகாதது. அந்தப் பதிவைக் கேட்டிருக்க வேண்டிய காலம் இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முன்பு. ஆய்வாளர் வீ. நடராஜன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகப் பள்ளத்தாக்கைத் தேடி அலைந்து 2011இல் புத்தகமே போட்டபோது, இந்தக் கூட்டத்தில் பாதி வந்திருந்தால்கூடப் போதும்.

2021 ஜூலையில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெள்ளைக்கொடி இயக்கம் பரவியது. வீட்டில் அரிசி இல்லையென்றால் வாசலில் வெள்ளைத் துணி; படம் பகிரப்பட்டதும் அக்கம்பக்கத்தார் சாமான் பையோடு வந்தார்கள். கெடா மந்திரி பெசார் முகமட் சனூசி அதை அரசியல் பிரசாரம் என்று சாடினார். பசித்தவருக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. வலைத்தளத்துக்குக் கணக்கு எழுதினால் வரவுப் பக்கத்தில் முதலில் வர வேண்டியது இதுதான்.

செலவுப் பக்கமும் சிறியதல்ல. நல்ல சம்பளம் என்ற முகநூல் விளம்பரத்தை நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் கம்போடிய, மியன்மார் மோசடிக் கூடங்களில் சிக்கினார்கள். 2024 ஜூலையில், டிக்டாக்கில் பேர் பெற்ற ஒரு தமிழ்ப் பெண் இணைய வசைக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டார். வசைபாடிய ஒருவருக்கு விதித்த அபராதம் 100 ரிங்கிட். சட்டம் எவ்வளவு பின்தங்கி நின்றது என்பதை அந்தத் தொகை நாடு முழுக்கக் காட்டியது. 2025 ஜனவரி முதல், எண்பது லட்சம் பயனருக்கு மேல் உள்ள தளங்கள் உரிமம் பெற வேண்டும் என்றானது. தோட்டத்தில் ஒருத்தியை ஏசினால் ஏசியவர் மறுநாள் அவள் முகத்தில் விழிக்க வேண்டும்; திரைக்குப் பின்னால் அந்தக் கூச்சம் கிடையாது.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இப்போதும் நோட்டீஸ் அச்சாகிறது. மஞ்சள் தாள், மேலே பிள்ளையார் சுழி, கீழே உபயக்காரர் பெயர்கள். அதில் ஒன்று சாமான் கடைச் சுவரில் ஒட்டப்படுகிறது. கடைக்கு வந்த பையன் அதைக் கைப்பேசியில் படமெடுத்துக் குழுவில் போடுகிறான். ஓரத்தில் அவன் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.